நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போல் ஓர் அழுத்தம். தோளுக்கும் தாடைக்கும்கூட அது பரவும். நின்று மூச்சு வாங்கினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் பலரும் ‘கேஸ்’ என்று நினைத்து ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இதன் பெயர் ஆஞ்சைனா. மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இலேயே துல்லியமாகச் சொல்லிவிட்டார்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும், உழைக்கும்போது பற்றாது. எவ்வளவு நடந்தால் வலி வரும் என்று நோயாளியே முன்கூட்டிச் சொல்லக்கூடிய இந்த வகையை நிலையான ஆஞ்சைனா என்கிறார்கள்.

இதற்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையின் கதை வெடிமருந்தில் தொடங்குகிறது. இத்தாலியின் டூரின் நகரில் 1847இல் நைட்ரோகிளிசரினை உருவாக்கிய வேதியியலாளர் சொப்ரேரோ, அதில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தபோது தலை பிளக்கும் அளவுக்கு வலித்தது. ரத்தக்குழாய்கள் விரிந்ததன் விளைவு அது. 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் அதையே நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். அதே பொருளைக் கொண்டு டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கும் 1896இல் இதய நோய்க்காக மருத்துவர்கள் இதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

நம் ஊரில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் இதே குடும்பம்தான். அது அடைப்பைக் கரைப்பதில்லை. உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, முக்கியமாகச் சிரைகளைத் தளர்த்துகிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் குறைய, அதன் வேலைப்பளுவும் குறைகிறது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும். அதனால்தான் நாக்கின் அடி. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். கூச்சம் பார்க்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் வேறு வழியில் யோசித்தார். ரத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால் இதயத்தின் தேவையைக் குறைப்போமே! அப்படிப் பிறந்த ப்ரொப்ரனலால் இதயத் துடிப்பை நிதானப்படுத்தியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய மெட்டோப்ரோலாலும் அட்டெனலாலும் அதன் வாரிசுகள். இவை தினசரி மாத்திரைகள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

ஆஞ்சைனாவில் இன்னொரு வகை, 1959இல் மருத்துவர் பிரின்ஸ்மெட்டல் விவரித்தது. பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ, படுத்திருக்கும்போதே ரத்தக்குழாய் இறுகிக்கொள்வதால் வருவது. இங்கே ப்ரொப்ரனலால் நிலைமையை மோசமாக்கலாம்; டில்டியசெம், அம்லோடிபின் போன்றவையே கைகொடுக்கும். சிலருக்கு, அதிலும் பெண்களுக்கு, நுண்குழாய்களில் கோளாறு இருக்கும். ஆஞ்சியோகிராமில் அடைப்பு தெரியாது. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது அநியாயம்; வலி உண்மையானது.

பழகிய வலி குணம் மாறினால் அது வேறு கட்டம். கொஞ்ச தூரம் நடந்தாலே வருவது, அடிக்கடி வருவது, சும்மா இருக்கும்போதும் வருவது எல்லாம் நிலையற்ற ஆஞ்சைனாவின் அடையாளங்கள். பெரும்பாலும் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையத் தொடங்கியிருக்கும். இதற்கு ஆஸ்பிரின், ஹெப்பாரின் போன்ற உறைவு எதிர்ப்பு மருந்துகளும் மருத்துவமனைக் கண்காணிப்பும் வேண்டும். மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் வலி தணியவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.