எல்லைப்புறத்து விருந்தினர் – 9: கம்பளி ஆலை வீட்டுச் சின்ன அண்ணன்

துபுவா பாதிரியாரை மைசூர்ச் சீமையில் அம்மை குத்தும் வேலையில் விட்டுவிட்டு வந்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்வார்களாக. நோயில் விழுந்து கடனில் மூழ்கும் மானாவாரிக் குடும்பம் ஒன்றோடு பிற்காலத்துப் பாதிரிமார் எவ்விதம் உறவு கொண்டாடினர் என்பதை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில், லாபத்துக்கு விற்பவர் யார், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டபடியால் விற்பவர் யார் என்பதை முகத்தைப் பார்த்தே தரகர்கள் சொல்லிவிடுவார்கள். இன்றைக்காவது சிப்காட் தொழிற்சாலைச் சம்பளம் ஒன்று சில வீடுகளில் கைகொடுக்கிறது. நூறு வருஷங்களுக்கு முன்போ, வானம் பொய்த்த காலத்தில் குடும்பத் தலைவன் காய்ச்சலில் விழுந்தால், முதலில் ஆடும், அப்பால் உழவு மாடும், கடைசியில் நிலமும் கைமாறுவதே வழக்கம். அப்படிப்பட்ட குடியானவர்களுக்கு, வடகிழக்கே வண்டி கட்டிப் போகும் தூரத்திலுள்ள திருப்பத்தூரில், 1921-ஆம் வருஷம் கிறிஸ்துகுல ஆசிரமம் என்றொரு புகலிடம் ஏற்பட்டது.

அதை ஸ்தாபித்தவர்கள் இரு வைத்தியர்கள்: தமிழரான டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காத்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் பிரம்மசாரிகள், கதர் உடுத்தி, எளிய உணவுண்டு, மிஷன் பங்களாவின் பரிவாரங்கள் எதுவுமின்றி வாழ்ந்தவர்கள். முன்னவரைப் பெரிய அண்ணன் என்றும் பின்னவரைச் சின்ன அண்ணன் என்றும் ஜனங்கள் அழைத்தார்கள்.

இந்தச் சின்ன அண்ணனின் பிறந்தகத்தைத் தேடிப் போனதில்தான், வாக்களித்த விஷயம் பின்தங்கிவிட்டது. ஸ்காத்லாந்தில் ஆலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்த பேட்டன் வம்சத்தில் உதித்தவர் அவர்! அந்நூல் சாமானியமானதன்று, ஆங்கில ஆதிக்கம் பரவிய தேசங்களிலெல்லாம் ஸ்வெட்டர் பின்னும் பெண்களின் கூடையில் இடம் பிடித்த நூல். அக்கம்பெனி பால்ட்வின் கம்பெனியோடு இணைந்து பேட்டன்ஸ் அண்ட் பால்ட்வின்ஸ் என்று பருத்தது 1920-இல். அதற்கு அடுத்த வருஷமே, அக்குடும்பத்தில் பிறந்தவர் இங்கே கைந்நூற்புக் கதரை உடுத்திக்கொண்டு, கிராமத்தார் புண்ணுக்கு மருந்திட உட்கார்ந்துவிட்டார்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1932-ஆம் வருஷத் தொடக்கத்தில், காந்தியடிகள் மீண்டும் சிறைப்பட்டு அந்நியத் துணிக்கடை மறியல் மும்முரமாக நடந்த சமயம், சென்னைக்குச் சென்றிருந்த பேட்டன், கதர் உடுத்திய வெள்ளையராக மறியல் நடந்த வீதியில் காணப்பட்டபடியால், போலீஸார் அவர்மீது சாயத் தண்ணீரைப் பீய்ச்சியதோடு தடியாலும் அடித்தனர். சங்கதி லண்டன் பார்லிமெண்டு வரை எட்டி, அங்கே கேள்வியும் எழுந்தது. சீமை நூலில் செழித்த குடும்பத்துப் பிள்ளை, சீமைத் துணி வேண்டாமென்ற கிளர்ச்சியின் நடுவே, சீமை அரசாங்கத்தின் போலீஸாரிடமே அடி வாங்கினார் என்பதை, புராணிகர் எவரேனும் கற்பனை செய்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். அந்தச் சமயத்தில் அடிபட்ட சுதேசிகள் எண்ணற்றவர். அவர்களுக்காகப் பார்லிமெண்டில் எழுந்து நின்றவர்கள் சொற்பம் என்பதையும் கூடவே குறித்துவைக்கிறேன்.

பத்திராதிபர் இடம் தீர்ந்தது என்று ஆள் அனுப்பிவிட்டார். ஆகவே வாக்களித்த மானாவாரிக் குடும்பத்தின் கதைக்கு நாலு வரிதான். மருந்து கொடுத்த மிஷன் ஆஸ்பத்திரிகள் அக்காலத்தில் வேறும் இருந்தன. ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் அமெரிக்க மிஷனார் சிறப்பாகவே நடத்தினர். ஆனால் துரையிடம் நோயை மட்டுமே சொல்லத் துணிகிற குடியானவன், தன்னைப் போலவே கதர் வேஷ்டியுடன் எதிரே அமர்ந்த அண்ணனிடம் வட்டிக் கணக்கையும் சொல்லக் கூடும். இவ்விருவரும் பங்களாவைத் துறந்ததனால் விளைந்த பெரிய பலன் அதுவே என்பது என் அபிப்பிராயம். அந்த ஆசிரமத்தின் வைத்தியம் கூட அதற்கு அடுத்தபடிதான்.

கோயிற் கோபுர அமைப்பில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் அடுத்த வாரம். அதற்குள், திருப்பத்தூர் அண்ணன்மாரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பாட்டன் பாட்டிமார் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். போச்சம்பள்ளி, பர்கூர், ஊத்தங்கரைப் பக்கத்து அன்பர்களின் கடிதங்களை முதலில் பிரிப்பேன்.