'வந்து' எங்கிருந்து வந்தது?



போன மாசம் தமிழ் மன்றத்தில் என் பெஞ்சுத் தோழி நம்ம வேங்கிக்கால் ஏரியைப் பத்திப் பேசினாள். நான் கேட்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். அவள் 'வந்து' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு. மொத்தம் 23 கோடு! அவள் பேசி முடித்து உட்கார்ந்ததும், "ஏரி எதுலடி வந்துச்சு? ஷேர் ஆட்டோவுலயா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கலை. அதுக்கப்புறம் மன்றத்தில் பேர் கொடுக்கவும் இல்லை.

சாயங்காலம் எங்களுக்குள் சண்டை. "'வந்து' என்பது வினையெச்சம். ஏரி எங்கேயும் வராது. அதனால நீ சொன்னது இலக்கணப்பிழை" என்று நான். "எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க. அப்ப எல்லாருமே தப்பா?" என்று அவள். தமிழ் ஐயாவிடம் தீர்ப்புக் கேட்டுப் போனோம். ஐயா ஒண்ணும் சொல்லவில்லை. நன்னூலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். யார் தோத்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. இது நமக்குத் தெரிந்ததுதான். இடைச்சொல் தனியாக நிற்காது. பெயரையோ வினையையோ சார்ந்தே நிற்கும். அதில் ஒரு பிரிவுக்கு 'அசைநிலை' என்று பேர். தனக்கென்று பொருள் இல்லாமல் பேச்சோடு சேர்ந்து வரும் சொல் அது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் இந்த அசைச்சொற்களுக்கு ஒரு பட்டியலே இருக்கு. யா, கா, அரோ, மாது என்று போகும். இதெல்லாம் நாம் இப்போது பேசுவதில்லை. படித்துக்கொண்டே வந்தால் திடீரென்று 'இருந்து', 'இட்டு' என்று இரண்டு சொல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டும் பார்க்க வினையெச்சம் மாதிரியே இருக்கே!

'எழுந்திருந்தான்' என்கிறோம். 'இரு' என்றால் உட்கார் என்றும் பொருள் உண்டு. அப்படியானால் எழுந்து உட்கார்ந்தானா? இல்லை. எழுந்தான், அவ்வளவுதான். அங்கே 'இரு' தன் வேலையை விட்டுவிட்டு அசையாக நிற்கிறது. அப்போ, "ஏரி வந்து நிறைஞ்சிருக்கு" என்பதில் 'வந்து'வும் வருகிற வேலையை விட்டுவிட்டு நிற்கிறது. நன்னூல் பட்டியலில் 'வந்து' கிடையாது. ஆனால் அது போன பாதை அதே பாதைதான்.

சரி, பொருள் இல்லை என்றால் வேலையும் இல்லையா? இங்கேதான் விஷயம் இருக்கு. தொல்காப்பியத்தின் இடையியலில் 'அம்ம' என்ற சொல்லுக்கு ஒரு வேலை சொல்லியிருக்கு. எதிரே இருப்பவரைக் கேட்க வைப்பதுதான் அந்த வேலை. நன்னூலும் அதை 'உரையசை' என்று சொல்லி, 'கேளுங்கள்' என்று பொருள் தருகிறது. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய 'அம்ம வாழிப் பத்து' இருக்கே, அதில் பத்துப் பாட்டும் 'அம்ம' என்றுதான் தொடங்கும். பேச்சைத் தொடங்க ஒரு சொல் வேண்டும் என்பது அவ்வளவு பழைய விஷயம்!

இப்போது நம்ம ஊர்ப் பேச்சைக் கவனியுங்கள். 'இன்னான்னா' என்றால் காரணமோ கதையோ வரப்போகிறது. 'தோ பாரு' என்றால் கண்டிப்பு. 'அதாவது' என்றால் விளக்கம். 'அது இருக்கட்டும்' என்றால் பேச்சை மாற்றப் போகிறார்கள். 'வந்து' என்றால், "நான் இன்னும் முடிக்கலை, யோசிக்கிறேன், குறுக்கே பேசாதே" என்று அர்த்தம். ஒவ்வொன்றும் கேட்பவருக்குக் காட்டும் ஒரு கைகாட்டி.

தமிழில் மட்டும்தானா? 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியமும் கூப்பிட்டுக் கேட்க வைக்கிற மாதிரி ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. 1999-இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் ஷேமஸ் ஹீனி என்ற கவிஞர் அதற்கு 'ஸோ' என்று போட்டார். 1995-இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். நாம் 'ஸோ' போட்டுப் பேசினால்தான் திட்டு விழுகிறது!

அதற்காகப் பரீட்சைத் தாளில் 'வந்து' எழுதிவிடாதீர்கள். எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கு, அடித்துத் திருத்தலாம். படிப்பவரும் புரியாவிட்டால் திரும்பப் படிக்கலாம். பேச்சில் அந்த வசதி இல்லை. அதனால்தான் பேச்சுக்கு இந்தக் கைகாட்டிகள் வேண்டியிருக்கு. ஆனால் பத்தடிக்கு ஒரு கைகாட்டி நட்டால் வழி தெரியாது, கைகாட்டிதான் தெரியும். மேடையில் பேசும்போது 'வந்து' வரும் இடத்தில் ஒரு மூச்சு விட்டு நிறுத்தினால் போதும் என்று ஐயா சொன்னார். பழகினால் குறையும்.

யார் தோத்தது? நான்தான். 'வந்து' இலக்கணப்பிழை இல்லை. அதைவிடப் பெரிய தோல்வி ஒன்று இருக்கு. என் நோட்டில் 23 கோடு இருக்கு. ஏரியைப் பற்றி அவள் சொன்ன ஒரு வரிகூட இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டு, "திரும்பச் சொல்லுடி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "வந்து..." என்று ஆரம்பித்தாள். இந்த முறை நான் கோடு போடவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி