விற்கும் வீட்டின் சுவர்

வீட்டை விற்பதென்று தீர்மானித்தவுடன் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வெள்ளையடிப்பதுதான். கூடத்துச் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறதா? மேலே இரண்டு பூச்சு வர்ணம் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் வியாதி இருப்பது உள்ளே. செங்கல்லில் ஊறும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் உலர்ந்ததும் உப்பு இறுகிக் காரையைப் பெயர்க்கிறது. வர்ணம் என்ன செய்யும்?

நிலத்து ஈரமோ, கசியும் குழாயோ, ஒழுகும் கூரையோ, காரணத்தைக் கண்டு முதலில் அதைத் தடுக்க வேண்டும். பிறகு இளகிய காரையைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டுப் பூச வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே உசிதம். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். புதுப் பூச்சு நன்றாக உலர்ந்த பின்னரே வர்ணம்.

வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் காண முடியாத முக்கியக் குறையை விற்பவர் அறிந்திருந்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவரை, அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தை நம்மிடம் தருகிறது. செப்பனிட்ட சுவரைக் காட்டி விற்போம். செப்பனிட இயலாததைச் சொல்லி விற்போம்.