101 வருஷம் கழித்து மறுபடி டியூட்டி!

நாம் ரிடையர் ஆன மறுநாளே நம் நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்திருப்பார். ஒரு மாசம் போனால் பியூன்கூட வணக்கம் சொல்ல யோசிப்பார். ஆனால் 101 வருஷம் கழித்து, "வாங்க சார், டியூட்டி இருக்கு" என்று யாராவது கூப்பிட்டால்?

ஒருத்தரைக் கூப்பிட்டார்கள். அவர் பெயர், இ.ஐ.ஆர். 21!

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கிட்சன் கம்பெனி 1855-ல் செய்த நீராவி இன்ஜின். கப்பலேறி வந்து ஈஸ்ட் இண்டியன் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தது. தெற்கே முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியதே 1856 ஜூலை 1-ல்தான். அதற்கும் மூத்தது! 54 வருஷ சர்வீஸ். 1909-ல் ஓய்வு. அப்புறம் ஜமால்பூர் ஒர்க்‌ஷாப்பிலும் ஹௌரா ஸ்டேஷனிலும் காட்சிப் பொருளாக நின்றது.

சும்மா நிற்கிற இன்ஜினுக்குத்தான் ஆயுசு குறைச்சல். துரு தின்னும். பாகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இதற்கும் அதே கதிதான்.

2010-ல் நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வைத்தியம் நடந்தது. அந்த ஒர்க்‌ஷாப் ஆரம்பித்தது 1856-ல். அதாவது, பேஷன்டைவிட டாக்டர் ஒரு வயசு சின்னவர்! ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கலாம் என்றால், கிட்சன் கம்பெனியே 1938-ல் மூடியாச்சு. இல்லாததையெல்லாம் இங்கேயே செய்து பொருத்தினார்கள். பாதுகாப்புக்கு ஏர் பிரேக் வைத்தார்கள். அந்த ஆகஸ்ட் 15-ம் தேதி, சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் புகை விட்டபடி கிளம்பினார் தாத்தா. பிறகு எழும்பூரிலிருந்தும் சில தடவை ஓடினார்.

"எதுக்கு சார் இந்தச் செலவு? மியூசியத்தில் வைத்தால் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. இரும்பை மியூசியத்தில் வைக்கலாம். கைப்பழக்கத்தை எங்கே வைப்பது? அகலப் பாதையில் வழக்கமான நீராவி ரயில்கள் 1995-லேயே முடிந்துவிட்டன. கரியை நெருப்பில் எப்படிப் பரப்புவது, ஏற்றம் வருமுன் நீராவியை எப்படிச் சேர்த்து வைப்பது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பழக வேண்டிய வித்தை. பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கி, நெருப்புப் பெட்டியின் மேல்தகடு நீருக்கு வெளியே வந்துவிட்டால் ஆபத்து. பாய்லரே வெடிக்கலாம். புத்தகம் படித்துவிட்டு ஓட்டுகிற சமாச்சாரமா இது?

தாத்தா ஓடினால்தான் பழைய ஃபயர்மேன் பக்கத்தில் ஒரு புது ஆள் நிற்பான், கற்றுக்கொள்வான். ஓடாவிட்டால், அடுத்த தடவை அடுப்பு மூட்டவே ஆள் இருக்காது.

ஆகவே, அடுத்த ஓட்டம் பற்றிப் பேப்பரில் வந்தால் உடனே ஒரு கேஷுவல் லீவ் எழுதிக் கொடுங்கள். காரணம்: 'தாத்தாவைப் பார்க்கப் போகிறேன்.'

முதல் தடவையாக அது பொய்யாக இருக்காது!