மலையிறங்கும் சைக்கிளுக்கு எந்தப் பிரேக் கட்டை?

சைக்கிள் வாங்கப் போகும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? நிறம் பார்க்கிறோம். கியர் எத்தனை என்று கேட்கிறோம். மணியை இரண்டு முறை அடித்தும் பார்க்கிறோம். பிரேக்கை மட்டும் ஒரு தடவை அழுத்திவிட்டு, “சரி, பிடிக்கிறது” என்று சொல்லி வந்துவிடுகிறோம். சென்ற ஆனி மாதம் வரையில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாய்மாமன் வீடு வத்தல்மலையில் இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் மூவாயிரம் அடிக்கும் கூடுதலான உயரத்தில், காபியும் மிளகும் சாமையும் பலாவும் விளையும் அழகிய மலை அது. அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கல்லூரியில் படிக்கும் அவளுடைய அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் கியர் சைக்கிளில் மாமன் வீட்டிற்குச் சென்றார். திரும்பும்போது மாமன் ஆசையுடன் கொடுத்த இரண்டு பலாப்பழங்களைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி வழி தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாடை வந்ததாம். அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினார். பிடி கல்லைப் போல் இறுகியிருந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் வேண்டுமென்றே மோதினார். மணிக்கட்டு முறிந்தது. ஒரு பழம் பிளந்தது. மற்றொன்று எங்கே உருண்டதோ, இன்றுவரை கிடைக்கவில்லை.

“வேகமாக வந்திருப்பான்” என்று வீட்டில் எல்லோரும் அவரைத்தான் கடிந்துகொண்டார்கள். தோழிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பிரேக் கட்டைகளைக் கழற்றி, காகிதத்தில் பொதிந்து, வகுப்பிற்கே கொண்டுவந்துவிட்டாள். அவை புதிய கட்டைகள். வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தேயவேயில்லை. ஆனால் தட்டைத் தொடும் முகம் கண்ணாடி போல் பளபளவென்று மின்னியது. இயற்பியல் கற்பிக்கும் எங்கள் சகோதரி அவர்கள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்றைய பாடம் இதுதான்” என்றார்கள். அன்று கற்றதையும், பிறகு நாங்கள் தேடி அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

பிரேக் என்பது வண்டியின் வேகத்தை எங்கோ மறைத்துவிடும் மாயக் கருவி அன்று. ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்று படித்திருக்கிறோம் அல்லவா? ஓட்டத்தின் ஆற்றலை உராய்வினால் வெப்பமாக்குவதே பிரேக்கின் தொழில். எவ்வளவு வெப்பம்? அண்ணனின் எடை 60 கிலோ, சைக்கிள் 15, பழங்கள் 25. ஆக 100 கிலோ. கணக்கின் எளிமைக்காக 500 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 4,90,000 ஜூல் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2,93,000 ஜூல் போதும். அதாவது, ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம்! அதில் ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பும் டயரும் எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் ஆளுக்கு நூற்றைம்பது கிராம்கூட இராத இரண்டு உருக்குத் தட்டுகளின் மேலும், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய நான்கு கட்டைகளின் மேலும் விழுகிறது. தட்டு 200 டிகிரிக்கு மேல் சூடாவது இப்படிப்பட்ட இறக்கத்தில் வியப்பன்று. நின்றவுடன் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று தம்பிமாருக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

இதே வெப்பம்தான் மலைச் சைக்கிள் என்ற விளையாட்டிற்கே ஒரு பெயரைத் தந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பேர்பாக்ஸ் என்னும் ஊரருகே, 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் இறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. அது சக்கரத்தின் நடுக்குடத்திற்குள் இருக்கும். ஏறக்குறைய 1,300 அடி இறங்கி முடிப்பதற்குள் குடத்தில் இருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்திற்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அப்படி மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்பார்கள். அந்தப் பாதைக்கும் பந்தயத்திற்கும் அதுவே பெயராய் நிலைத்துவிட்டது.

அதற்கும் முன்னே, 1897-இல், இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் புரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியை நிறுத்துவதற்குப் பழைய செருப்புத் தோலைப் பிரேக் கட்டையில் பொருத்துவதைக் கண்டார். வெறும் மரத்தைவிடத் தோல் நன்றாகப் பிடித்தது. அதைக் கண்டு இதைவிட நல்ல பொருள் உண்டா என்று ஆராய்ந்து, உராய்வுப் பொருள் செய்வதையே ஒரு தொழிலாக்கினார். பின்னாளில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் பல்லாண்டுக் காலம் பிரேக்குகளில் புகுந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்த பின்பு நல்ல தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். எந்தக் கட்டையானாலும் அதன் தூசியை வாயால் ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பதே நலம்.

இன்று கடையில் கிடைக்கும் டிஸ்க் பிரேக் கட்டைகள் பெரும்பாலும் இரு குலத்தவை. ஒன்று ரெசின் கட்டை; இதனை ஆர்கானிக் என்றும் சொல்வார்கள். நார்களையும் பொடிகளையும் பிசினால் இறுக்கிச் செய்தது. சத்தம் குறைவு, குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், தட்டை அதிகம் தேய்க்காது. ஆனால் சேற்றிலும் மழையிலும் விரைவில் கரையும். நெடிய இறக்கத்தில் அளவுக்கு மீறிச் சூடானால் பிசின் இளகி, மேற்பரப்பு கண்ணாடியாகி, பிடிப்புப் போய்விடும். எங்கள் காகிதப் பொட்டலத்தில் இருந்தவை இவைதாம்.

மற்றொன்று சின்டர் எனப்படும் உலோகக் கட்டை. செம்பு போன்ற உலோகப் பொடிகளை அழுத்திச் சூடேற்றி ஒன்றாக்கியது. வெப்பத்தைத் தாங்கும், மழையில் நம்பலாம், நீண்ட நாள் உழைக்கும். குறையும் உண்டு: கிறீச்சென்று கத்தும், தட்டை விரைவில் தேய்க்கும், வெப்பத்தைப் பிரேக்கின் உட்பகுதிக்கும் கடத்தும். இவ்விரண்டையும் கலந்த அரை உலோகக் கட்டையும் உண்டு. குணத்திலும் அது நடுவேதான் நிற்கும்.

“அப்படியானால் மலைக்கு உலோகக் கட்டைதானே?” என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கூறினோம். சகோதரி அவர்கள் தலையசைக்கவில்லை. “தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார்கள். மறுநாள் தோழி பார்த்து வந்தாள். ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று தட்டிலேயே பொறித்திருந்தது. விலை குறைந்த சைக்கிள்களில் வரும் மென்மையான தட்டுகள் பலவற்றிலும் இப்படி இருக்கும். அதில் உலோகக் கட்டையைப் போட்டால் தட்டு சீக்கிரமே அரிபட்டு மெலியும். பல தட்டுகள் புதிதாக இருக்கும்போது 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5 ஆனால் மாற்றிவிட வேண்டும். குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்பதைத் தட்டிலேயே பார்க்கலாம். ஆகவே, கட்டையைத் தேர்ந்தெடுக்குமுன் தட்டைப் படிக்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் ‘நல்ல கட்டை’, உங்கள் தட்டுக்கு நல்லதா என்பதே கேள்வி.

வடிவமும் முக்கியம். ஒவ்வொரு பிரேக்கிற்கும் கட்டையின் வெளிவடிவம் வேறு. கிட்டத்தட்டப் பொருந்துவது என்று ஒன்று கிடையாது. பழைய கட்டையையே கையில் எடுத்துச் சென்று மேலே வைத்துப் பாருங்கள். பெயரும் பொருளும் அச்சிடாத உறையில் வருவதை, எவ்வளவு மலிவாயினும், மலைக்கு வாங்காதிருப்பதே மேல் என்பது எங்கள் எண்ணம். அண்ணன் வாங்கியது அப்படிப்பட்டதுதான். எப்போது மாற்றுவது? உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் காலம் முடிந்தது. மலைப்பயணம் போகிறவர் அவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது. மாற்றும்போது ஒரு சக்கரத்தின் இரு கட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனி, எங்களை வெட்கப்பட வைத்த செய்தி. பிரேக்கின் பகைவன் எண்ணெய். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தட்டைத் தொட்டாலே போதும், பிடிப்புக் குறையத் தொடங்கும். கட்டை எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் அதை எறியத்தான் வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது சொட்டுச் சொட்டாக, தட்டிலிருந்து விலக்கி விடவேண்டும். தட்டைத் துடைக்க மண்ணெண்ணெயும் பெட்ரோலும் உதவா. அவை பசையை விட்டுச் செல்லும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சுத்தமான துணியும் போதும். எங்கள் தோழி அந்த வாரம் முழுவதும் அண்ணனின் சைக்கிளை யாரையும் தொடவிடவில்லை. “முதலில் கையைக் காட்டு!” என்பாளாம், பாட்டியிடமும்கூட.

புதுக் கட்டை போட்ட அன்றே மலையேறக் கூடாது என்பது அண்ணன் அறியாத மற்றொன்று. புதுக் கட்டையின் பொருள் மெல்லிய படலமாகத் தட்டின்மேல் படிந்த பிறகுதான் பிரேக் முழு வலிமை பெறும். சமதரையில், போக்குவரத்து இல்லாத இடத்தில், மிதமான வேகத்தில் ஓட்டிச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெதுவாக நடைவேகத்திற்குக் கொண்டுவர வேண்டும். இப்படி முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே இருபது முப்பது முறை. பள்ளி மைதானமே இதற்குப் போதும்.

இறங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயத்தினால் பிரேக்கை வழி முழுவதும் அழுத்திக்கொண்டே வந்தால் கட்டைக்கு ஆற நேரமே இல்லை. வளைவுக்கு முன் இரு பிரேக்குகளையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று தட்டைக் குளிர்விக்கிறது. தீய்ந்த வாடை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆறவிட வேண்டும். சுடும் தட்டில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடக்கூடும்.

பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளுக்கு இவையெல்லாம் பொருந்துமா என்று தங்கைகள் கேட்கக் கூடும். அதில் தட்டு இல்லை. ரப்பர் கட்டைகள் ரிம்மையே பிடிக்கின்றன. பள்ளிக்கு வந்து போக அது மிக நல்ல வண்டி. நெடிய மலை இறக்கத்தில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். மழையிலோ பிடிப்பு மிகவும் குறையும். அதனை மலைமேல் கொண்டுசெல்ல நேர்ந்தால், செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அண்ணனின் சைக்கிளுக்கு என்ன ஆயிற்று? உலோகக் கட்டையைத் தாங்கும் தட்டுகளும் கட்டைகளும் வாங்க வீட்டில் அப்போது பணம் இல்லை. ஆகவே பெயர் அச்சிட்ட ரெசின் கட்டைகளையே நான்கும் வாங்கினார்கள். கட்டு அவிழ்த்த கையோடு அவர் மூன்று மாலைகள் மைதானத்தில் சுற்றிச் சுற்றிப் பிரேக்கைப் பழக்கினார். தோழி ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போதும் மாதம் ஒருமுறை மலைக்குப் போய் வருகிறார். இறங்கும்போது நடுவழியில் இருமுறை நின்று, தட்டு ஆறும்வரை மரநிழலில் உட்கார்ந்திருப்பாராம். பலாப்பழங்கள் மட்டும் ஊர்க்காரர் வண்டியில் தனியே வந்து சேர்கின்றன.