கடற்கரையில் கோடு போட்டது யார்? – அறுகம்பை தரும் பாடம்

"கடல் யாருக்குச் சொந்தம்?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால், "எல்லாருக்கும்" என்று உடனே பதில் வரும். "அப்படியென்றால் கடற்கரை யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டால் பிள்ளை சற்றுத் தயங்கும். பெரியவர்களிடம் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்காது. கரையில் தோணியை இழுத்து வைத்திருப்பவர் ஒன்று சொல்வார். அடுத்த வளவில் விடுதி நடத்துபவர் வேறொன்று சொல்வார். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருக்கும் உத்தியோகத்தரின் பதில் இவை இரண்டிலும் சேராது.

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஓர் ஊரே வீதியில் இறங்கிய வரலாறு எமது கிழக்கு மாகாணத்தில் உண்டு. அன்று இங்கு படிக்கும் மாணவிகளில் பலர் பிறந்தே இருக்கவில்லை. பெற்றோருக்கோ அது நேற்று நடந்தது போல இருக்கும். அதனை இருசாராரும் சேர்ந்து வாசிப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஊரும் கரையும்

அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் பொத்துவில் இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவும், தமிழரும் சிங்களவரும் அவர்களோடு சேர்ந்தும் வாழும் சிறு நகரம் அது. அதனை அடுத்து, களப்பு கடலோடு சேரும் இடத்தைப் பாலத்தால் கடந்தால் அறுகம்பை வரும். அங்கிருந்து தெற்கே போனால் பாணமைக் கிராமம். ஒரே கடலை நம்பி மூன்று இனத்தவரும் வாழும் கரை இது.

அறுகம்பையின் அலைகளில் பலகை வைத்துச் சறுக்கி விளையாட 1970களிலிருந்தே வெளிநாட்டவர் வந்து போகின்றனர். ஏப்ரல், மே மாதமளவில் தொடங்கும் பருவம் ஒக்டோபர் வரை நீடிக்கும். ஊரவர் தம் வளவுக்குள் ஓலைக் குடில்களும் சாப்பாட்டுக் கடைகளும் போட்டனர். அதே கரையில் மீனவர் தோணிகளை ஏற்றி வைத்தனர், வலை உலர்த்தினர், மீன் விற்றனர். சுற்றுலாவும் மீன்பிடியும் ஒரே மணலைப் பகிர்ந்துகொண்டன.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் அதிகமானோர் மடிந்தனர். வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. அறுகம்பைக் கரையிலிருந்த வீடுகளும் குடில்களும் தோணிகளும் அழிந்தன.

ஒரு கோட்டின் கதை

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் ஓர் அறிவித்தலை விடுத்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் இனி வீடு கட்டக் கூடாது என்பதே அது. இதனை இடைவலயம் என்று அழைத்தார்கள்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. அது பொய்யான காரணமல்ல. பிள்ளையை அலைக்குப் பறிகொடுத்த எந்தத் தாயும் அதை மறுக்கமாட்டாள். கரையோரத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்துவதும் புதிய விடயமல்ல. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் கட்டுமானம் செய்ய அனுமதிப்பத்திரம் தேவை.

அப்படியானால் மக்கள் ஏன் கொதித்தார்கள்? முதற்காரணம் நிலத்தின் அமைப்பு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் கடலுக்கும் வயலுக்கும் இடையில் இருப்பது ஒடுங்கிய ஒரு துண்டு நிலம். அதில் வீட்டோடு வீடு ஒட்டி மக்கள் வாழ்கின்றனர். 200 மீற்றரை எடுத்துவிட்டால் மேற்கே தள்ளிப் போவதற்கு இருப்பது நெற்காணிதான். போகச் சொன்னவர்கள் போகும் இடத்தைக் காட்டவில்லை.

இரண்டாவது காரணம் தொழில். வீடு கரையை விட்டுத் தூரம் போனால் தோணியையும் இயந்திரத்தையும் இரவில் யார் பார்ப்பது? விடியற்காலையில் கடலைப் பார்த்துத்தான் மீனவர் போவதா, நிற்பதா என்று தீர்மானிக்கின்றனர். கரைவலை இழுப்பதற்கு நீண்ட மணற்கரை வேண்டும். அந்தக் கரையில் வேலி விழுந்தால் தொழிலும் விழுந்துவிடும்.

மூன்றாவது காரணமே மக்களை அதிகம் புண்படுத்தியது. வீடுகளைத் தடுத்த அதே கோடு, சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களித்தது. அலை ஆபத்தானது என்றால் அது விடுதியில் தூங்குபவருக்கும் ஆபத்தானதுதானே என்று மீனவர் கேட்டனர். இந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை.

அழகான திட்டம், ஆட்களில்லாத படம்

இதே காலத்தில், 2005 ஏப்ரலில், அறுகம்பைக்கென ஓர் அபிவிருத்தித் திட்டம் தயாரானது. வடக்கே கோமாரி முதல் தெற்கே பாணமை வரையான கரையை அது உள்ளடக்கியது. புதிய பாலம், வீதி, குடிநீர் என்று ஊருக்கு வேண்டியவை அதில் இருந்தன. கூடவே உயர்தர விடுதிகளும், ஹெலிகொப்டர் இறங்குதளமும், நீரில் இறங்கும் விமானங்களுக்கான துறையும் இருந்தன. மொத்தச் செலவு 8 கோடி அமெரிக்க டொலர் என்று கூறப்பட்டது.

திட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெரிய கனவில் மீன்பிடிக் குடும்பங்களுக்கு உரிய இடம் கரையில் இருக்கவில்லை. அவர்கள் உட்புறமாகக் குடியேற்றப்பட வேண்டியவர்களாகவே எண்ணப்பட்டனர். மீள்கட்டுமானத்துக்கெனக் கொழும்பில் அமைந்த செயலணியில் வர்த்தகத் துறையினரின் குரலே ஓங்கி இருந்தது என்ற குற்றச்சாட்டும் அன்று பரவலாக எழுந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் திரண்ட உதவிப் பணம், பாதிக்கப்பட்டவர்களை அப்புறப்படுத்துவதற்குப் பயன்படுகிறதே என்பது ஊராரின் மனக்குமுறல்.

ஊர் என்ன செய்தது?

சுனாமி நடந்து ஆறு மாதம் கடந்த வேளையில் அறுகம்பை மீனவர் ஊர்வலமாகச் சென்று தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். அக்காலத்தில் அங்கு வந்த கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன், தாம் கண்டவற்றை 2007இல் வெளியான தமது நூலில் பதிவுசெய்தார். பொத்துவிலுக்கு வெளியே பலர் அறிந்திராத பிரச்சினை உலகின் கவனத்தைப் பெற்றது.

ஆனால் சிற்றூர் அரசியல் அவ்வளவு எளிதானதல்ல. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில், ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும். அண்ணன் தோணிக்காரராகவும் தம்பி விடுதி நடத்துபவராகவும் இருக்கலாம். "பாலம் வந்தால் நல்லதுதானே" என்று ஒருவர் சொல்வார். "பாலம் யாருக்காக வருகிறது?" என்று மற்றவர் கேட்பார். இருவரும் ஊரின் நன்மையைத்தான் நினைக்கிறார்கள். அபிவிருத்தியை எதிர்ப்பவர், ஆதரிப்பவர் என்று ஊரை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது தவறு. பெரும்பாலானவர் கேட்டது ஒன்றே: "எங்களைக் கேட்டுச் செய்யுங்கள்."

கேட்க வேண்டிய இடமும் தெளிவாக இருக்கவில்லை. காணி பிரதேச செயலகத்தின் பொறுப்பு. கட்டட அனுமதி பிரதேச சபையின் பொறுப்பு. கரை ஒரு திணைக்களத்திடம், மீன்பிடி இன்னொரு திணைக்களத்திடம், சுற்றுலா வேறொரு சபையிடம். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும்போது, மீனவரின் ஒரு நாள் உழைப்பு பஸ் பயணத்திலேயே போய்விடும்.

இருந்தும் கரையோர மக்களின் குரல் வீண்போகவில்லை. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில் இடைவலயம் நாடளாவிய அரசியல் பிரச்சினையாகியது. ஒக்டோபரில் விதி தளர்த்தப்பட்டது. பின்னர், நாடு முழுவதற்கும் இரண்டே அளவு என்ற முறை கைவிடப்பட்டு, 1997ஆம் ஆண்டின் கரையோர வலய முகாமைத்துவத் திட்டத்தில் இருந்தபடி இடத்துக்கு இடம் மாறும் தூரங்கள் ஏற்கப்பட்டன. அத்தூரங்கள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பெண்கள் இழந்தது

இவ்விடத்தில் மாணவிகள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. கிழக்கிலே முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைக்கும் வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். சீதனத்தின் சுமைகளைப் பற்றி நாம் எவ்வளவோ பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அந்த வழக்கத்தால் வீட்டு உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருந்தது என்பதும் உண்மை.

சுனாமியின் பின் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு கூடு இருந்தது. அதில் பெரும்பாலும் கணவரின் பெயர் எழுதப்பட்டது. இதனால் கரையில் சொந்த வீடு வைத்திருந்த பல பெண்களுக்கு, உட்புறத்தில் கிடைத்த வீடு சொந்தமாக இருக்கவில்லை. இதைப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அன்றே சுட்டிக்காட்டினர். யாரும் வேண்டுமென்று பறிக்கவில்லை. படிவத்தைத் தயாரித்தவர்களுக்கு எமது ஊர் வழக்கம் தெரியவில்லை. தெரிந்த பெண்கள் அந்த மேசையில் இருக்கவில்லை.

அதன் பின்னர்

அறுகம்பையில் புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. இன்று மீனவரும் பயணிகளும் அதனைப் பயன்படுத்துகின்றனர். அது நல்ல காரியமே. பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் பயணிகளை ஏற்றிக் கண்டற்காடுகளைக் காட்டி வருமானம் பெறுகின்றனர். சுற்றுலாவும் மீன்பிடியும் ஒத்துப்போக முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2010 ஜூலையில் பாணமையின் கரையோரக் காணிகளிலிருந்து சுமார் 350 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. காணியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் பின்னரும் காணி கைக்கு வராததால், 2016இல் மக்களில் ஒரு பகுதியினர் தாமாகவே திரும்பிச் சென்று குடியிருக்க வேண்டியதாயிற்று. பாணமை பெரும்பாலும் சிங்கள மக்கள் வாழும் கிராமம். கரையிலிருந்து விரட்டப்படுவது ஓர் இனத்துக்கு மட்டும் நேரும் துன்பமல்ல என்பதை இது உணர்த்துகிறது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நாளை எமது ஊர்க் கரையிலும் ஒரு திட்டப் பலகை நடப்படலாம். அன்று கோபப்படுவதற்கு முன்னரும், கைதட்டுவதற்கு முன்னரும் கேட்க வேண்டியவை சில உண்டு.

திட்டம் தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டுப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும் அரச அலுவலகமொன்றில் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டதா? பெரிய திட்டங்களுக்கு அந்த அறிக்கை 30 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். அதற்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். முப்பத்தோராம் நாள் போடும் கூச்சலை விட, பத்தாம் நாள் எழுதும் ஒரு பக்கக் கடிதம் பலமானது.

வரைபடத்தில் தோணித்துறை எங்கே? வலை உலர்த்தும் இடம் எங்கே? பொதுமக்கள் கரைக்கு இறங்கும் ஒழுங்கை எங்கே? படத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லாமல் போகும்.

மேசையில் பெண்கள் இருக்கிறார்களா? 2018 தேர்தல் முதல் உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த ஆசனங்களில் அமரப்போகிறவர்கள் இன்று இக்கல்லூரி போன்ற கல்லூரிகளின் வகுப்பறைகளில்தான் இருக்கிறார்கள். ஆங்கில அறிக்கையை வாசித்து ஊராருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு பெண்பிள்ளை, ஊருக்குக் கிடைத்த பெரிய பலம்.

இறுதியாக ஒரு சிறு வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் உம்மாவிடம், "நம்மட வளவு உறுதி யார்ர பேரில இருக்கு? அது எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வாப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பதில் தெரிந்தால், அந்தக் கடதாசியை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். பதில் தெரியாவிட்டால், அதைத் தேடுவதில் இருந்து தொடங்குங்கள்.