பாட்டில் குரல் மட்டும் எங்கே போனது?

தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கு 2011இல் சோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தது. இன்று குற்றாலச் சாரலைப் பார்த்தபடி வீட்டுக் கணினியில் மீட்டிங் பேசுவது இங்கே புதுமையல்ல. புதுமையாகத் தெரிவது ஹெட்போன் செய்யும் கோளாறுதான்.

போனுக்கான ஹெட்செட்டை மேசைக் கணினியின் பச்சைத் துளையில் செருகினால் பாட்டு வரும், நாம் பேசுவது போகாது. ஏன்? அந்த 3.5 மி.மீ. பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை உலோகத்தை நான்காகப் பிரிக்கின்றன: நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, பிறகு எர்த், கடைசியில் மைக். பச்சைத் துளையில் மைக்குக்கு இடமே இல்லை. அதற்கு இளஞ்சிவப்புத் துளை. இரண்டுக்கும் பிரித்துத் தரும் ஒய் வடிவக் கேபிள் போதும். மைக்கைக் குறை சொல்லிப் புதிது வாங்குவது வீண் செலவு.

சில நேரம் வாத்தியங்கள் கேட்கும், பாடகர் குரல் மட்டும் காணாமல் போகும். இதுதான் சுவாரஸ்யம். இரு காதுக்கும் பொதுவான எர்த் தொடர்பு விட்டுப்போனால், மின்னோட்டம் திரும்ப வழியின்றி ஒரு ஸ்பீக்கர் வழியாக மற்றதற்குள் போகிறது. அப்போது இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். பாடகர் குரலை இரு பக்கமும் சம அளவில் பதிவு செய்வதே வழக்கம். எனவே அது கழிந்துவிடுகிறது. ஒரு பக்கமாய் ஒலிக்கும் வயலின் தப்பிக்கிறது.

பின்னை முழுதாக அழுத்துங்கள். அப்படியும் குரல் வராவிட்டால், பின்னை ஒட்டிய ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும்.